நாலாவது ஸ்க்ரூ

ஆறரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பாலைக் காய்ச்சி இரண்டு தம்ளர்களில் ஊற்றி, ஒன்றைத் திரும்பப் பாத்திரத்திலேயே கொட்டினான். நாற்பத்தொரு நாளாக இதே தவறு. இப்போது அதுவும் காலை வேலைகளில் ஒன்று. மனைவியின் பக்கத்துத் தலையணையைத் தட்டிப் போட்டான். சட்டையைத் தேய்க்கவில்லை. தம்ளருடன் இரண்டாம் மாடி பால்கனிக்கு வந்து தெருவைப் பார்த்தான்.

எதிரே தையல்கடையின் போர்டு மாறியிருந்தது.

நேற்றுவரை அங்கே தொங்கியது வினைல் போர்டு. அவனே கம்ப்யூட்டரில் செய்து கொடுத்தது. இப்போது தகரப் பலகை. கரும்பச்சைத் தளத்தில் மஞ்சள் எழுத்துகள், ஒவ்வோர் எழுத்துக்கும் வலப்பக்கம் ஒரு கருநிழல், மூலையில் தூரிகையால் வரைந்த கத்தரிக்கோல். அவன் பள்ளிக்கூடம் போன காலத்தில் அங்கே இருந்த அதே பலகை. பெயின்ட் வாசனை பால்கனிவரை வந்தது, இப்போதுதான் எழுதி முடித்ததுபோல.

முதலில் வந்தது சந்தோஷம்தான். அதற்காக வெட்கப்பட்டான்.

பிழைப்புக்கு அவன் வினைல் போர்டு அடித்தான். மற்ற நேரமெல்லாம் பழைய போர்டுகள். எங்கே எந்தக் கடையில் என்ன எழுத்து இருந்தது, எந்தத் தெருமுனையில் எந்த நிறப் பலகை இருந்தது என்று படங்களாகத் தேடி எடுத்து இணையத்தில் ஒரு பக்கம் நடத்தினான். "பகல்ல நீயே கொல்ற, சாயந்திரம் நீயே ஒப்பாரி வைக்கிற" என்று அவள் கேலி செய்வாள்.

படியிறங்கியபோது கீழே, அன்று அவளுக்காக வந்த ஆம்புலன்ஸ் டிரைவர் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். அவனைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். துக்கம் விசாரிக்க ஏற்கெனவே இரண்டு முறை வந்து போனவர்.

"வேலைக்குக் கிளம்பிட்டீங்களா சார். ரெண்டு நிமிஷம்."

"சொல்லுங்க."

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு ஆபீஸ்ல என்னைக் கூப்பிட்டு விசாரிக்கிறாங்க. அன்னிக்கு இந்தத் தெருமுனையை மூணு தடவை தாண்டிப் போனேன் சார். அங்க நீல போர்டு, பழைய பேரு. எனக்குக் கொடுத்தது புதுப் பேரு. சொன்னா யாரும் நம்பல. பொய் சொல்றேன்னுகூடச் சொல்லல, கண்ணு போச்சுங்கறாங்க. வண்டியை விட்டு இறக்கிடுவாங்க." அவர் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "நீங்க இந்தத் தெருக்காரர். நீல போர்டு இருந்துச்சா சார்?"

பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியது.

"இல்ல. பச்சைதான்."

டிரைவர் தலையாட்டினார். "அப்ப என் கண்ணுதான். மன்னிச்சிடுங்க சார்."

போய்விட்டார். அவருடைய கைக்குட்டை படியில் கிடந்தது. அதை எடுக்கவும் அவனுக்குக் கை வரவில்லை.

நீல போர்டு இருந்தது. அவன்தான் மாட்டினான். தெருக்களின் பெயர்களையெல்லாம் மாற்றிப் புதுப் பச்சைப் பலகைகள் வைத்தபோது, கழித்துப் போட்ட பழைய நீல எனாமல் தகட்டைக் கேட்டு வாங்கி வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பச்சையைக் கழற்றிவிட்டு நீலத்தை மாட்டிப் படமெடுத்தான். அவள் காவலுக்கு நின்றாள். "யாராவது வந்து கேட்டா, இந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாதுன்னு சொல்லிடுவேன்" என்று சிரித்தாள். படத்தைப் பார்த்தவர்கள் கண் கலங்குகிறது என்று எழுதினார்கள். இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும் என்று விட்டான். பச்சைப் பலகை அவன் வேலை பார்க்கும் போர்டுக் கடையில், அவன் மேசைக்கடியில் கிடந்தது.

பன்னிரண்டாம் நாள், சாயங்காலம் நாலு மணிக்கு, அவளுக்கு மூச்சு இரைத்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுப் புதுப் பெயரைச் சொன்னாள். வரைபடத்தில் அந்தப் பெயர் இன்னும் ஏறவில்லை. அவனுக்கும் போன் செய்தாள். டிரைவருக்குத் தெரு தெரியவில்லையாம் என்றாள். அவன் ஓடினான்.

ஓடுவதற்கு முன் மேசைக்கடியில் குனிந்தான்.

தெருவுக்கு வந்தபோது தையல்காரர் கடை திறந்துகொண்டிருந்தார்.

"போர்டு எப்ப மாத்தினீங்க?"

"நீ செஞ்சு கொடுத்ததுதானே தம்பி. அப்படியேதான் இருக்கு." அவர் நிமிர்ந்து பலகையைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். "ராத்திரி தூங்கினியா?"

கடைக்குப் போகும் வழியெல்லாம் மாறியிருந்தது. சலூன் கதவுக்கு மேல் சீப்பும் கத்தியும் குறுக்காக எழுதிய மரப்பலகை. மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில், அவன் சின்ன வயதில் பார்த்துப் பயந்த, ஆள் உயரத் தகரக் கண்ணாடி இரும்புச் சங்கிலியில் ஆடியது. காற்றே இல்லை. ஆனாலும் அது மெல்லக் கிறீச்சிட்டுக்கொண்டு, அவன் நடக்க நடக்க அவன் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இதையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட மாட்டோமா என்று ஏங்கியிருக்கிறான். இப்போது தலையைக் குனிந்துகொண்டு நடந்தான்.

திருப்பத்துச் சுவரில் அந்தக் கையும் வந்திருந்தது. சட்டைக் கையின் விளிம்புடன் கறுப்பாக வரைந்த கை, நீட்டிய சுட்டுவிரல், கீழே 'ஆஸ்பத்திரிக்கு வழி.' அந்தக் காலத்தில் அது பெரிய ரோட்டைக் காட்டும். இப்போது தெருவுக்குள் காட்டியது. அவன் வீட்டுப் பக்கம்.

போன் அடித்தது. மாமியார். தினமும் இந்த நேரத்துக்குத்தான்.

"மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு அத்தை."

"கோவிச்சுக்காதீங்க. இன்னொரு தடவை சொல்லுங்க. அவ கடைசியா என்ன சொன்னா?"

சுவரில் விரலின் நுனியிலிருந்து கறுப்புப் பெயின்ட் ஒரு கோடாக வழிந்தது. இன்னும் காயவில்லை.

"தூக்கம் வருதுன்னு சொன்னா அத்தை."

"நிம்மதியாத்தானே சொன்னா?"

"ஆமா."

"அது போதும்பா எனக்கு" என்று வைத்துவிட்டார்.

கடையில் அன்று அவனால் ஒரு போர்டும் முடிக்க முடியவில்லை. திரையில் எந்த எழுத்தைத் தட்டினாலும் அதன் வலப்பக்கம் ஒரு நிழல் விழுந்தது. அழித்தால் மறுபடி விழுந்தது. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போய்ப் படு, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார். அவன் போகவில்லை. வீட்டுக்குப் போக அந்தத் தெருமுனையைத் தாண்ட வேண்டும்.

நாலு மணிக்குச் சைரன் கேட்டது.

பெரிய ரோட்டில் கிழக்கே போனது. தேய்ந்தது. திரும்பியது. மேற்கே போனது. கடையில் வேறு யாரும் தலையைத் தூக்கவில்லை. மறுபடி கிழக்கே. தேடுகிற சத்தம் எப்படி இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அவன் குனிந்து மேசைக்கடியில் கையை விட்டான். அங்கே இருக்கக் கூடாத பச்சைப் பலகை அங்கே இருந்தது. ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு ஓடினான்.

தெருமுனையில் நீலம்.

வெள்ளை எழுத்துகள் மின்னின. நாலு மூலையிலும் நாலு ஸ்க்ரூ. கையை உயர்த்தினால் எட்டும் உயரம். அன்றும் இப்படித்தான். வீட்டுக்கு அறுபதடி இருக்கும்போது இங்கே நின்றான். யாரும் பார்ப்பதற்குள் மாற்றிவிட வேண்டும் என்று நின்றான். நீலத்தில் நாலு, பச்சையில் நாலு. பச்சையில் மூன்றாவது ஸ்க்ரூவைத் திருகும்போது அவள் இரண்டாம் முறை போன் செய்தாள். எடுத்தான். கேட்டான். வைத்துவிட்டு நாலாவது ஸ்க்ரூவை முடுக்கினான். அப்புறம்தான் மாடியேறினான். பின்னாலேயே டிரைவரும் வந்தார், போர்டைப் பார்த்து. அதற்குள் முடிந்திருந்தது.

இந்த முறை முதலில் மேலே போகலாம். நினைத்தான். கால் நகரவில்லை. கை மட்டும் உயர்ந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. நீலத் தகடு கழன்று கீழே விழுந்தது.

அதற்கடியில் நீலம்.

அதே தகடு. அதே நாலு ஸ்க்ரூ. கழற்றினான். அதற்கடியிலும் நீலம். ஆம்புலன்ஸ் அவன் முதுகுக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்து போனது. டிரைவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, கண்ணைச் சுருக்கி, போர்டைப் படித்தார். தலையாட்டினார். போய்விட்டார்.

கழற்றினான். நீலம். தகடுகள் கணுக்காலைத் தொட்டன. விரலில் ரத்தம். நீலம். முழங்கால். நீலம். வண்டி திரும்பி வந்தது. படித்தது. போனது.

சட்டைப்பையில் போன் அடித்தது.

எடுக்கவில்லை. அதுவாகவே திறந்துகொண்டது. மூச்சு. உள்ளே போக இடம் தேடும் மூச்சு. கை திருகிக்கொண்டேயிருக்க, தலையை மட்டும் திருப்பி மேலே பார்த்தான். இரண்டாம் மாடி பால்கனி. கம்பியைப் பிடித்துக் குனிந்தபடி, அவனையே பார்த்துக்கொண்டு, அவள். அன்றும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கீழே அவன் கை மூன்றாவது ஸ்க்ரூவில் இருந்தது.

"போர்டைப் பத்தி நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீ மேல வா."