மேட்டில் ஏறிய கறை

வாசல் அலமாரியில் வெளிச்செருப்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் நோயாளிகள் உள்ளே மாட்டிக்கொள்ளும் பச்சைச் செருப்பில் ஒரு ஜோடியைக் காணோம்.

மதியச் சாப்பாட்டுக்கு மூடிய தோல்நோய் கிளினிக்கில் டாக்டர் கஜிதானி தனியாகத்தான் இருந்தார். வெளியே ஜப்பானின் பெப்பு நகரத்து மழை. வெந்நீர் ஊற்றுகளின் ஆவி தெருவையே மறைத்திருந்தது. கந்தக நாற்றம் இந்த ஊருக்குப் பழகியதுதான். இன்று அது ஈரத்துணி வாடையும் பழைய சோப்பு வாடையும் கலந்து, பரிசோதனைக் கட்டிலின் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரைக்கு வெளியே இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"சாப்பாட்டு நேரம்மா. யாரு உள்ள விட்டது?"

கிட்டே போனார். வலது குதிகாலருகே காசளவு பழுப்பு. பழக்கதோஷத்தில் விளக்கு லென்ஸை எடுத்து அதன்மேல் வைத்தார். உள்ளங்கால் உழுத நிலமாக விரிந்தது: பள்ளம், மேடு, பள்ளம். நிறம் பள்ளத்தில் கிடந்தால் பெரும்பாலும் வெறும் மச்சம். மேட்டில் ஏறியிருந்தால் புற்று. அந்த ஆரம்பத்திலேயே வெட்டியெடுத்தால் ஆள் பிழைக்கலாம். பார்க்க அரை நிமிஷம் போதும்.

அந்த அரை நிமிஷத்தை அவர் இசோகாய் தொமியேவுக்குத் தரவில்லை. குளியல்கூடத்தில் வருஷக்கணக்காக வெறுங்காலில் தரை தேய்த்தவள். இரண்டு வருஷத்துக்கு முன் அவள் காலைக் காட்ட வந்தபோது லென்ஸை எடுக்காமலே, கந்தகத் தண்ணீர்க் கறை என்றார். "காலைக் கழுவாமயா டாக்டர்கிட்ட வர்றது? நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டு வாங்க." நர்ஸும் சிரித்தாள். தொமியே குனிந்து வணங்கி, டாக்டரை 'சென்செய்' என்றழைத்து மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனாள். அந்தக் கறையாலேயே போன மாதம் செத்தாள். நர்ஸ் வந்து சொன்னபோது அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

இந்தப் பாதத்தில் நிறம் மேட்டில் இருந்தது. எல்லா மேட்டிலும். மேடுகளின் மேல் வரிசையாக வியர்வைத் துளைகள், வெள்ளைப் புள்ளிகளாக.

ஒரு புள்ளி கண்போல மூடித் திறந்தது. பிறகு எல்லாமே.

"கழுவிட்டு வந்திருக்கேன், சென்செய்."

திரையை இழுத்தார். கட்டில் காலி. விரிப்பு நனைந்திருந்தது. கீழே பச்சைச் செருப்புகள், அவரைப் பார்த்தபடி.

அவருடைய வலது காலுறைக்குள் ஏதோ கதகதத்தது. கழற்றினார். லென்ஸை வைத்தார்.

மேடு. மேடு. மேடு.

"கறைதான்," என்றார். காலைக் கைகழுவும் தொட்டியில் தூக்கி வைத்தார். சோப்பு. பிரஷ். தோல் உரிந்தது. தண்ணீர் சிவந்தது. நிறம் போகவில்லை. பிரஷை வைக்கப் போனார்.

பின்னாலிருந்து ஈரக்கை ஒன்று அவர் கைமேல் படிந்து அழுத்தியது. தரை தேய்த்துப் பழகிய கை.

"இன்னும் நல்லாத் தேய்ங்க."