ஒரு மாசம் கழிச்சு வாங்க

மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு 'எண்பது' தன் காரை ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பழைய டயாலிசிஸ் கட்டடத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்று அடங்கிப்போயிருந்தது. புதுக் கட்டடம் வந்த பிறகு இந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. உள்ளே ஒரு நீளக் கூடம், சுவரோரம் பழுதான மெஷின்கள் வெள்ளைத் துணி போர்த்தி வரிசையாக நின்றன, நடுவில் ஒரு மேஜை, எதிரே நீண்ட பெஞ்சுகள். பிளீச்சிங் பவுடர் நெடியும் சாக்கடை நெடியும் எது பெரிது என்று போட்டி போட்டுக்கொண்டிருந்தன.

எண்பது என்பது வார்டில் அவருக்கு வைத்த பெயர். வாசல் பலகையில் சிறுநீரக நிபுணர், பேராசிரியர், ஆராய்ச்சித் தலைவர் என்று மூன்று வரி இருந்தாலும் முதுகுக்குப் பின்னால் இதுதான். களைக்கொல்லி குடித்து, சிறுநீரகம் கெட்டு வருகிறவர்களை டயாலிசிஸில் போட்டு, கூடவே கரி வடிகட்டி ஒன்றை மாட்டி இரத்தத்தைச் சுத்தம் செய்தால் நூற்றுக்கு எண்பது பேர் பிழைக்கிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. மற்ற ஊர்களில் அதே விஷத்துக்குப் பாதிப் பேர்கூடத் தேறுவதில்லை. இவரிடம் மட்டும் எண்பது. எப்படி என்று கேட்டால் கைராசி என்று சொல்லிச் சிரிப்பார்.

கைராசியும் இல்லை, முகராசியும் இல்லை. ஆள் தேறாது என்று தெரிந்த அன்றைக்கே, மூச்சு இருக்கும்போதே, வீட்டுக்கு அனுப்பிவிடுவார். "நல்லா ஆயிடுச்சு. ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்று தோளில் தட்டிக் கொடுப்பார். நடந்து போனால் என்ன, நாலு பேர் தூக்கிக்கொண்டு போனால் என்ன, வாசலைத் தாண்டியவன் உயிரோடு வெளியேறியவன். ஆராய்ச்சிக்கு அவன் பிழைத்தவன். வழியில் செத்தால் அது அவன் விதி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த மனிதர் முழு ஆள்களையே மறைத்தார், அதுவும் அவரவர் வண்டிச் செலவில்.

இன்றைக்குத்தான் கொஞ்சம் இடைஞ்சல். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் அமைப்பு ஒரு சரிபார்ப்பு அம்மாளை அனுப்பியிருந்தது. பிழைத்தவர்களை நேரில் பார்க்க வேண்டுமாம். எண்பது அசரவில்லை. வார்டு கண்ணில் படாதபடி அவளை இந்தப் பழைய கட்டடத்தில் உட்கார வைத்தார். நிஜமாகவே பிழைத்த பத்துப் பன்னிரண்டு பேரைச் சொல்லி அனுப்பிக் காலையிலேயே காட்டிவிட்டார். மிச்சப் பேரைக் கேட்டால் வாயில் பதில் தயாராக இருந்தது. "படிக்காத ஜனங்க மேடம். உடம்பு நல்லாயிட்டா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாங்க." செத்தவன் வந்து மறுத்துப் பேசவா போகிறான்?

ஆனால் காலையில் வார்டில் ஒரு தலைவலி காத்திருந்தது. தையல்கார இளம்பெண் ஒருத்தி. வீட்டுச் சண்டையில் ஒரு வாய் குடித்து, பாதியைத் துப்பிவிட்டு, அந்த நிமிஷமே பயந்துபோய் அண்ணனைக் கூப்பிட்டவள். நுரையீரல் இன்னும் கெடவில்லை. சிறுநீர்தான் நின்றிருந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவளை மெஷினில் போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும். போட்டால் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம்.

அந்தப் 'பிழைக்காமலும்' என்பதுதான் எண்பதுக்கு உறுத்தியது. சரிபார்ப்பு அம்மாள் இருக்கிற நாளில் வார்டுக்குள் ஒரு சாவா?

"டாக்டர், எனக்கு நல்லாயிடும்ல?" என்று அவள் கேட்டாள். தொண்டை வெந்துபோயிருந்ததால் குரல் காற்றாகத்தான் வந்தது. "ஒரு கல்யாணத்துக்கு ஆறு ரவிக்கை தைக்கக் குடுத்திருக்காங்க. நாலுதான் முடிச்சிருக்கேன்."

"நல்லா ஆயிட்டே. வீட்டுக்குப் போகலாம். ஒரு மாசம் கழிச்சு வந்து காட்டு."

அவளுடைய அண்ணன் தச்சர். மரத்தூள் ஒட்டிய சட்டையோடு கைகூப்பி நின்றார். "சார், இன்னிக்கு மெஷின்ல போடணும்னு நேத்து சொன்னீங்களே. தங்கச்சி இன்னும் ஒரு சொட்டு ஒண்ணுக்குப் போகல சார்."

"நீ டாக்டரா, நான் டாக்டரா? போப்பா, படுக்கைக்கு ஆள் காத்துக்கிட்டிருக்கு."

தலைமை நர்ஸ் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனவள் அவள். அண்ணன் தங்கையைக் கைத்தாங்கலாக வாடகை வண்டியில் ஏற்றியதைப் பார்த்துவிட்டுத்தான் எண்பது சாப்பிடப் போனார். வயிறு நிறையச் சாப்பிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரிபார்ப்பு அம்மாள் கூடத்து மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனித முகத்தைப் பார்த்தால் கண் கெட்டுவிடும் என்பது போலத் திரையைவிட்டுப் பார்வையை எடுக்காதவள். பெயரைக் கேட்பாள், 'உயிருடன் உள்ளார்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போடுவாள். சரிபார்ப்பு என்றால் அவளுக்கு அவ்வளவுதான். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மிச்சப் பேர் எப்ப வருவாங்க?" என்றாள்.

"அதான் மேடம், படிக்காத ஜனங்க..." என்று எண்பது ஆரம்பித்தார்.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அப்படியொரு சத்தம். விளக்கு ஒரு தடவை மங்கித் திரும்ப வந்தது. வாசல் கதவு திறந்து, ஒரு பெரிய மீசைக்காரர் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

அவருக்குப் பின்னால் ஒரு கிழவி. அவளுக்குப் பின்னால் இரண்டு இளைஞர்கள். அப்புறம் ஒரு கணவன், மனைவி. யாரும் யாரோடும் பேசவில்லை, வரிசையாக வந்தார்கள், வரிசையாக உட்கார்ந்தார்கள். பெஞ்சுகள் நிறைந்துகொண்டே வந்தன.

வெளியே மழை கொட்டுகிறது. ஒருத்தர் மேலும் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

சாக்கடை நெடி எங்கேயோ போய்விட்டது. அதன் இடத்தில் வேறொரு நெடி, புளித்த வாந்தியும் பச்சை மருந்தும் கலந்தது. எண்பதுக்கு அந்த நெடி நன்றாகத் தெரியும். சரிபார்ப்பு அம்மாள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாளே தவிர நிமிர்ந்து பார்க்கவில்லை. "பரவாயில்லையே, வந்துட்டாங்களே. ஒவ்வொருத்தரா வாங்க" என்றாள்.

மீசைக்காரர் எழுந்து மேஜைக்கு வந்தார். பெயரைச் சொன்னார். உதடுகள் கறுத்து வெடித்திருந்தன. வாய் திறந்தபோது நாக்கில் தோலே இல்லை.

எண்பது அந்த மீசையை மறக்கவில்லை. முதன்முதலில் வீட்டுக்கு அனுப்பிய ஆள் அவர். அன்றே செத்துப்போன செய்தியை நர்ஸ் வந்து சொன்னபோது, "அது நம்ம கணக்குல வராது" என்று சொன்னதும் நினைவிருந்தது.

டிக்.

கிழவி வந்தாள். டிக். இளைஞர்கள் வந்தார்கள். டிக், டிக். எண்பதின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எழுந்து ஓடினால் இந்த அம்மாள் ஏன் என்று கேட்பாள். அவர் பார்வை அவர்களுடைய நெஞ்சுக்குப் போனது. டாக்டர் புத்தி, போகத்தானே செய்யும்.

ஒரு நெஞ்சும் ஏறி இறங்கவில்லை.

மீசைக்காரர் மட்டும் தன் இடத்துக்குத் திரும்பாமல் எண்பதின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். காதோரம் குளிர் தட்டியது. காற்றை மரப்பட்டையில் தேய்த்தது போல ஒரு குரல்.

"வரச் சொன்னீங்களே டாக்டர். வந்துட்டோம்."

எண்பது பல்லைக் கடித்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு இன்னும் வரல," என்றது குரல். "வண்டியிலதான் இருக்கு. இன்னும் உசுரு இருக்கு."

அந்த நேரத்தில் தலைமை நர்ஸ் குடையோடு வாசலில் வந்து நின்றாள். அவள் பெஞ்சுகளைப் பார்த்தாளோ இல்லையோ, தெரியவில்லை. அவள் முகத்தில் வேறு அவசரம் இருந்தது.

"சார், அந்தத் தையல்காரப் பொண்ணோட அண்ணன் போன்ல இருக்கார். பாதி வழியில நெஞ்சு ஒரு மாதிரி அடிச்சுக்குதாம். வண்டியைத் திருப்பிக்கிட்டு வரட்டுமான்னு கேக்கிறார். மெஷின் காலியாத்தான் இருக்கு சார்."

சரிபார்ப்பு அம்மாள் அன்றைக்கு முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி நர்ஸைப் பார்த்தாள். "யாரு? டிஸ்சார்ஜ் ஆன பேஷண்டா?"

"வரச் சொல்லுங்க டாக்டர்," என்றது காதோரக் குரல். அதில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "நாங்கதான் போயிட்டோம். அது சின்னப் பொண்ணு."

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எண்பதையே பார்த்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகாவது அந்த மனிதருக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். செத்தவர்கள் எதிரே வந்து உட்கார்ந்து, வெந்துபோன வாயால் கெஞ்சுகிறார்கள். ஒரு வார்த்தை போதும், வரச் சொல்லு என்றால் போதும். கல்லுக்குக்கூட ஈரம் கசியும். ஆனால் எண்பதின் மனசு அந்த நேரத்திலும் கணக்குத்தான் போட்டது. வரச் சொன்னால், நல்லாயிட்டா என்று அனுப்பியவளை எதற்குத் திரும்ப வரச் சொல்கிறாய் என்று இந்த அம்மாள் கேட்பாள். பேய்களுக்குப் பயந்தார்தான், இல்லை என்று சொல்ல முடியாது. அந்த டிக் விழாமல் போய்விடுமோ என்று அதைவிட அதிகமாகப் பயந்தார்.

"அதெல்லாம் சும்மா பயம்," என்றார். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டார். "நல்லா ஆயிடும்னு சொல்லுங்க. ஒரு மாசம் கழிச்சு வரச் சொல்லுங்க."

தலைமை நர்ஸ் அவரை ஒரு பார்வை பார்த்தாள். காலில் மிதிபட்டதைக்கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். பிறகு போனைக் காதில் வைத்து, அவர் முன்னாலேயே, "அண்ணே, வண்டியைத் திருப்புங்க. சீக்கிரம் வாங்க. நான் மெஷினை ரெடி பண்றேன்" என்று சொல்லிக்கொண்டே மழையில் இறங்கி ஓடினாள்.

சரிபார்ப்பு அம்மாள் திரும்பவும் திரைக்குள் போய்விட்டாள், மேஜைக்கு வருகிறவர்களின் வரிசை முன்போலவே நகர்ந்தது. கணவன். டிக். மனைவி. டிக். மழை கொஞ்சம் தணிந்தது.

காதோரம் இருந்த குளிர் விலகியது. மீசைக்காரர் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார். உட்காரும் முன், பக்கத்தில் இருந்த கிழவியைச் சற்று நகர்ந்துகொள்ளச் சொல்லிச் சைகை காட்டினார்.

பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் இடம் விழுந்தது.

எண்பது கதவைப் பார்த்தார்.

கதவு திறந்தது.

தையல்காரப் பெண் உள்ளே வந்தாள். காலையில் நிற்க முடியாமல் தொங்கியவள், இப்போது நேராக நடந்து வந்து மேஜைக்கு முன்னால் நின்றாள். பெயரைச் சொன்னாள்.

"உன்னை ஒரு மாசம் கழிச்சுத்தானே வரச் சொன்னேன்," என்றார் எண்பது. அதைச் சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே தெரியவில்லை.

"ஆமா டாக்டர். எதுக்குத் தள்ளிப் போடணும்னு இன்னிக்கே வந்துட்டேன்." குரல் காற்றாகக்கூட வரவில்லை, ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "அண்ணன் பின்னாடி வருது. வண்டியில என் தலையை மடியில வச்சுக்கிட்டு இன்னும் அழுதுக்கிட்டே இருக்கு. அதுக்கு நான் இறங்கினதே தெரியாது."

டிக்.

சரிபார்ப்பு அம்மாள் மடிக்கணினியை மூடினாள். "ரொம்ப ஆச்சரியம் சார். எண்பதுன்னு சொன்னது நிஜம்தான், பட்டியல்ல விடுபட்ட ஆளே இல்ல. எல்லாரும் உயிரோட இருக்காங்க. உங்களுக்கு விருதே குடுக்கலாம்." கைகுலுக்கிவிட்டு, மூக்கைப் பொத்தியபடியே தன் காருக்கு ஓடினாள்.

அவள் கார் வாசலைத் தாண்டும்போது ஒரு வாடகை வண்டி உள்ளே திரும்பியது. தச்சரின் கதறல் பழைய கட்டடம் வரை கேட்டது. பெஞ்சுகளில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள், துக்க வீட்டில் எழுந்து நிற்பதுபோல. எண்பது கண்ணை மூடித் திறந்தபோது கூடம் காலியாக இருந்தது. நெடி மட்டும் அப்படியே இருந்தது.

விருது வந்தது. வராமல் என்ன செய்யும்? எண்பது அதை வாங்கிக்கொண்டு, அந்த ஊரே வேண்டாம் என்று வேறோர் ஊருக்குப் போய், கண்ணாடிச் சுவர் வைத்த புது ஆஸ்பத்திரி ஒன்றில் பெரிய சம்பளத்துக்குச் சேர்ந்தார். களைக்கொல்லி நோயாளிகளைத் தொடுவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பட்டணத்துப் பணக்காரர்களின் மாற்றுச் சிறுநீரகங்களை மட்டும் பார்ப்பாராம். கெட்டிக்காரர்.

அங்கே சேர்ந்து ஒரு மாசம் இருக்கும். வெயில் பளிச்சென்று அடித்த ஒரு காலை. மேஜையில் இருந்த போன் அடித்தது. வரவேற்பறைப் பெண்.

"சார், உங்களைப் பார்க்க நிறையப் பேர் வந்திருக்காங்க. பழைய பேஷண்டாம். உட்கார இடமில்லாம நிக்கிறாங்க."

"இன்னிக்கு... இன்னிக்குப் பார்க்க முடியாதுன்னு அனுப்பிடுங்க."

"சொல்லிப் பார்த்தேன் சார். நீங்கதான் வரச் சொன்னீங்களாம்." அவள் யாரிடமோ ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினாள். "ஒருத்தர் மட்டும் பேஷண்ட் இல்லையாம் சார். தச்சராம். தங்கச்சிக்குத் துணைக்கு வந்திருக்காராம்."

தச்சரை எண்பது யோசித்தே பார்த்ததில்லை. அந்த நாளுக்குப் பிறகு அந்த மனிதர் என்ன ஆனார், எங்கே போனார், இருக்கிறாரா என்று ஒருத்தரிடமும் விசாரித்ததில்லை. இப்போது எப்படி விசாரிப்பது?

"அவர்..." என்றார். "அவர் எப்படி இருக்கார்?"

போனை வைக்காமலே அவள் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு வரவேற்பறைப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"மத்தவங்க எப்படி இருக்காங்களோ, அவரும் அப்படியேதான் சார் இருக்கார்."