பூட்டிய கழிப்பறைக்கு எத்தனை மார்க்?

பள்ளிக்கூடத்தில் புதுக் கழிப்பறை கட்டினார்கள். ரிப்பன் வெட்டினார்கள். ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். மறுநாளே அதைப் பூட்டியும் விட்டார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது!

பூட்டியவர் தலைமையாசிரியர் மகுடேஸ்வரன். நாடு முழுக்க நடக்கும் தூய்மை இயக்கம் எந்த அளவுக்கு வெற்றி என்று பார்க்க மதிப்பீட்டு அதிகாரிகள் வருகிறார்களாம். பள்ளிக்கு மார்க் போடுவார்களாம். அதுவரை தரையில் ஒரு பொட்டு அழுக்குப் படக்கூடாதாம். சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில்தான்.

ஆறாம் வகுப்பு மதுமதி பள்ளியின் சுகாதாரத் தலைவி. தினமும் ஒரு தாளில் டிக் அடிப்பது அவள் வேலை. கழிப்பறை இருக்கிறதா? இருக்கிறது. சுத்தமாக இருக்கிறதா? இருக்கிறது. யாராவது அதற்குள் போகிறார்களா என்று அந்தத் தாள் கேட்கவே இல்லை. டிக் அடித்து அடித்து அவளுக்கு வெறுத்தே போய்விட்டது.

பையன்கள் சுவருக்குப் பின்னால் இருந்த முள்ளுக்காட்டுக்கு ஓடினார்கள். பெண்பிள்ளைகள் சாயங்காலம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள்.

திங்கட்கிழமை, இரண்டாம் வகுப்பு விஜயராணியால் இருக்க முடியவில்லை. வகுப்பிலேயே பாவாடை நனைந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் மதுமதிக்குப் பக்கத்து வீடு. பனியன் கம்பெனி வேலைக்காக விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். மதுமதிதான் அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டாள். வழி நெடுக அவள் புத்தகப் பையால் பாவாடையை மறைத்துக்கொண்டே நடந்தாள். வாசலுக்கு வந்ததும், "நான் இனிமே பள்ளிக்கூடம் வரமாட்டேன்க்கா" என்றாள். சொன்னபடியே செவ்வாய்க்கிழமை வரவில்லை.

மதுமதிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன. நேராகத் தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றாள்.

"சார், பூட்டைத் தொறந்து விடுங்க. விஜயராணி இனி வரவே மாட்டேங்கறாளுங்க."

"ரெண்டே நாளு பொறுத்துக்க கண்ணு. அவங்க வந்து மார்க் போட்டுட்டுப் போயிரட்டும்."

அவர் கெட்டவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகூட வந்து தானே டைல்ஸைத் துடைத்துவிட்டுப் போனவர். ஆனால் அந்த 'ரெண்டே நாள்' மூன்று வாரமாக முடியவில்லையே!

மதுமதியின் அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியில் ஓட்டை, கறை என்று ஏதாவது 'டேமேஜ்' கண்ணில் பட்டால் கத்தமாட்டார், திட்டமாட்டார். அந்த இடத்தைக் காட்டிச் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிடுவார். அம்பு ஒட்டிய பனியனைச் சரி செய்தால்தான் அது பெட்டிக்குள் போகும். திருப்பூரில் கைக்குழந்தையைத் தவிர எல்லாருக்கும் இது தெரியும். அன்று மாலை மதுமதி அம்மாவிடம் கேட்டு ஒரு ஷீட் வாங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை காலை கழிப்பறைக் கதவில் ஓர் அம்பு இருந்தது. அது பூட்டைக் காட்டியது. தலைமையாசிரியர் அதைச் சுரண்டி எடுத்தார். மத்தியானம் பார்த்தால் நான்கு அம்புகள். அவற்றில் ஒன்றுகூட மதுமதி ஒட்டியதில்லை. செக்கிங்கில் அம்மாவோ அத்தையோ இல்லாத பிள்ளை அந்தப் பள்ளியில் யார்? வியாழக்கிழமை காலையில் கதவின் பச்சை நிறமே தெரியவில்லை.

அன்றைக்குத்தானா அதிகாரி வர வேண்டும்! போன் வந்ததும் தலைமையாசிரியர் ஸ்கேலோடு ஓடிப்போய்ச் சுரண்ட ஆரம்பித்தார். ஒன்றை எடுத்தால் ஒன்பது பாக்கி இருந்தது. வேர்த்துக் கொட்டியது.

மதுமதி விஜயராணியின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே வந்தாள். இன்றைக்குக் கதவு திறக்கும் என்று வாக்குக் கொடுத்து, கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தாள். திறக்காவிட்டால் இந்தப் பிள்ளை திரும்ப வரவே வராது.

"சார், அம்பை எடுத்தா டேமேஜ் போயிராதுங்க. பூட்டை எடுத்தாப் போதுமுங்க" என்றாள்.

திட்டத்தான் அவர் வாயெடுத்தார். அதற்குள், விஜயராணி இரண்டு கால்களையும் பின்னிக்கொண்டு நிற்பது கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டு சட்டைப் பையில் கையை விட்டார்.

கதவு திறந்ததுதான் தாமதம், விஜயராணி உள்ளே பாய்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு கூட்டமே பாய்ந்தது. தண்ணீர் சிந்தியது. மண் கால்தடம் தரையெல்லாம் பதிந்தது. மூன்று வாரம் காப்பாற்றிய தரை மூன்று நிமிடத்தில் போய்விட்டதே என்று தலைமையாசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். விஜயராணியோ கையைக் கழுவிவிட்டு, சிரித்துக்கொண்டே தன் வகுப்பைப் பார்த்து ஓடினாள்.

அதிகாரி அம்மாவும் வந்துவிட்டார். கதவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், இது என்ன என்று கேட்டார். தலைமையாசிரியர், மார்க்குக்காகத் தானே பூட்டி வைத்ததையும், பிள்ளைகள் அம்பு ஒட்டியதையும் ஒன்று விடாமல் சொன்னார்.

அதிகாரியின் பேனா அப்படியே நின்றுவிட்டது.

"இந்த வாரம் ஏழு பள்ளிக்கூடம் பாத்தேனுங்க சார். ஏழுலயும் தரை பளபளன்னு காஞ்சு கெடந்துச்சு. முழு மார்க் போட்டுட்டு வந்துட்டேன்."

அவர் கதவோரம் நின்றிருந்த மதுமதியின் பக்கம் குனிந்தார்.

"கண்ணு, அந்த அம்பு ஸ்டிக்கரு இன்னும் ஏழு இருக்குதா?"