காலிக் கூண்டில் குடித்தது யார்?

"எலியே இல்லாத கூண்டுல யாரோ குடிக்கறாங்க சார்," என்றார் டாக்டரம்மா. தன்னைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்று எதிரே இருந்த இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஒருவர் எதற்கும் அவசரப்படாத துப்பறிவாளர். சொந்தக்காரர்கள் கேலியாக வைத்த 'ஆமையார்' என்ற பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. மற்றவள் அவருடைய அக்கா மகள், உதவியாளர், பட்டாசு. அவளுக்கு யாரும் காரணம் சொல்லிப் பெயர் வைக்க வேண்டியிருக்கவில்லை.

"பேயா மேடம்?" என்று கேட்டேவிட்டாள்.

"பேயா இருந்தாலும் தேவலைம்மா."

குடிப்பழக்கம் பரம்பரையாக எப்படித் தொடர்கிறது என்பதுதான் டாக்டரம்மாவின் ஆராய்ச்சி. தலைமுறை தலைமுறையாகச் சாராயத்தைத் தேடிப்போகும் எலிகளை வளர்த்து, அந்த ஆசையைத் தூண்டும் மரபணுவை அடக்க ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தார். ஜன்னலோர அலமாரியில் மருந்து கொடுத்த எலிகள். சுவரோர அலமாரியில் கொடுக்காத எலிகள். கூண்டுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு சாராய பாட்டில். எது எவ்வளவு குறைகிறது என்று தினமும் அளப்பார்கள். அலமாரிக்கு ஒரு கூண்டு மட்டும் காலி.

"காலிக் கூண்டு எதுக்கும்மா?" என்று கேட்டார் ஆமையார்.

"பாட்டில் தானாவே சொட்டும், ஆவியாகும். காலிக் கூண்டுல எவ்வளவு குறையுதோ, அதை அந்த அலமாரியில இருக்கற ஒவ்வொரு எலியோட கணக்குலயும் கழிச்சுடுவோம். ஜன்னலோர எலிங்க குடியை விட்டுடுச்சுன்னு சந்தோஷப்பட்டோம். இப்பப் பார்த்தா அங்க காலிக் கூண்டுல மட்டும் சாராயம் கன்னாபின்னான்னு குறையுது. என் மருந்து நிஜமா பொய்யான்னே தெரியல."

"யார் மேல சந்தேகம்?"

"என் மாணவன் மேல. ரிசல்ட் நல்லா வரணும்னு கீழ ஊத்தியிருப்பான். அவனை அனுப்பிடலாம்னு இருக்கேன்." குரல் தணிந்தது. "ஆனா நான் வராத லீவு நாள்ல குறையறதே இல்லை சார். அன்னைக்கு அவனோ, எலி பார்த்துக்கற அண்ணனோ வருவாங்க. நான் வர்ற நாள்லதான் குறையுது. ஒரு நாள் பக்கத்து ரூம்ல இருந்தேன். பாட்டில் நுனியில ஒரு இரும்புக் குண்டு இருக்கும், எலி நக்கினா டிக் டிக்னு உருளும். அந்தச் சத்தம் காலிக் கூண்டுப் பக்கத்துலேர்ந்து கேட்டுது. எனக்கு இவரோட அண்ணன் ஞாபகம் வந்துடுச்சு."

"இவர்னா?"

"என் வீட்டுக்காரர். அவங்க அப்பா, அண்ணன் ரெண்டு பேருமே குடிச்சே போனாங்க. இவரும் போயிருக்க வேண்டியவர், விட்டு வருஷக்கணக்காச்சு. இந்த மருந்தைத் தேட ஆரம்பிச்சதே இவருக்காகத்தான்."

மறுநாள் சாயங்காலம் ஆமையாரும் பட்டாசும் எலி அறைக்குப் போனார்கள். மரத்தூள் வாசனை. கூண்டுகளில் டிக் டிக் என்ற சத்தம் ஓயவே இல்லை. பட்டாசுக்குக் கை ரோமம் சிலிர்த்தது. ஜன்னலோர அலமாரியை ஒட்டிய நாற்காலியிலிருந்து ஒரு சாந்தமான மனிதர் எழுந்து நின்றார். மனைவியைக் கூட்டிப்போகத் தினமும் வரும் வீட்டுக்காரர்தான் அவர்.

"அவ உள்ள வேலையை முடிச்சுட்டு வர நேரமாகும். அதுவரைக்கும் இதுங்களோடதான் பேச்சுத்துணை," என்று சிரித்தபடி சின்ன டப்பாவைத் திறந்து வாயில் ஒரு கிராம்பு போட்டுக்கொண்டார். ஆமையாருக்கும் நீட்டினார். ஆமையார் ஒன்றை எடுத்து மெதுவாகக் கடித்தார்.

பட்டாசு அதற்குள் எல்லாரையும் குடைந்துவிட்டாள். சாராய கேன் இருக்கும் அறையின் சாவி எலி அண்ணனிடம். அளவெடுத்துக் கணக்குப் போடுவது மாணவன். "நான் ஊத்தலங்க," என்று அவன் அழாத குறையாகச் சொன்னான்.

ஆமையார் ஜன்னலோரக் காலிக் கூண்டின் சாராய பாட்டிலைக் கழற்றி முகர்ந்துவிட்டு பட்டாசிடம் நீட்டினார். "என்ன வாசனை?"

"சாராயம். அப்புறம், பல் டாக்டர் கிளினிக்குக்குள்ள போனா வருமே, அந்த வாசனை மாமா."

டாக்டரம்மா வேலையை முடித்து வந்ததும், "எல்லாரும் கொஞ்சம் உட்காருங்க," என்றார் ஆமையார்.

"கணக்கை மாத்தணும்னா மாணவனுக்குப் பேனா போதும், ஊத்தணும்னு அவசியமில்லை. எலி அண்ணனுக்குக் குடிக்கணும்னா கேனே கையில இருக்கு. லீவு நாள்ல தனியா வந்தப்பக்கூட ரெண்டு பேரும் தொடல. இவ்வளவு பாட்டில் இருந்தும் ஒருத்தர் காலிக் கூண்டுல மட்டும் கை வெச்சிருக்கார். எலியோட பங்கைத் தொட அவருக்கு மனசு வரல. கூண்டு காலின்னு தெரியும். அதுல குறையறதைத்தான் மத்த எல்லாத்துலயும் கழிக்கறாங்கன்னு தெரியாது. டாக்டரம்மா வர்ற நாள்ல மட்டும் வர்றவர். அவர் வாய் வெச்சு உறிஞ்சின பாட்டில் நுனியில இருக்கறது கிராம்பு வாசனை."

பெயரைச் சொல்லத் தேவை இருக்கவில்லை. வீட்டுக்காரர் கிராம்பு டப்பாவை மூடிக் கீழே வைத்தார்.

"யாருக்கும் நஷ்டமில்லைன்னு நினைச்சேன்," என்றார். "காலிக் கூண்டுதானே."

டாக்டரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க? இத்தனை வருஷம் கழிச்சு ஏன்?"

"எலியெல்லாம் விட்டுடுச்சு, மருந்து வேலை செய்யுதுன்னு நீ அன்னைக்கு வந்து சொன்னியே. முதல் வாரம் சும்மா ருசி பார்த்தேன். அதுக்கப்புறம், எப்படியும் உன் மருந்து வந்துடும், என்னைக் காப்பாத்திடும்கற தைரியத்துல…"

ஆமையாருக்குக் கடித்த கிராம்பு நாக்கில் கசந்தது. ஆரம்பத்தில் ஏதோ தற்செயலாக எலிகள் குறைவாகக் குடித்திருக்கின்றன. அந்த மகிழ்ச்சியில் இவர் குடித்திருக்கிறார். இவர் குடித்ததையெல்லாம் கழிக்கக் கழிக்க, எலிகள் குடியை விட்டுவிட்டதாகக் கணக்கு வந்திருக்கிறது. இந்த வழக்கைக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"அப்ப அதுங்க குடியை விடவே இல்லையா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

டாக்டரம்மா இல்லை என்று தலையாட்டினார். மாணவனிடம் போய், "மன்னிச்சுடுப்பா," என்றார். பிறகு நாற்காலியை இழுத்துக் கணவரின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்," என்றார்.

"எலிங்களையா, என்னையா?"

"ரெண்டையும்."

பட்டாசு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆமையார் அவள் தோளைத் தொட்டு வெளியே கூட்டிப் போனார். கதவை மூடும்போது அவள் ஒரு கணம் நின்று கூண்டுகளின் டிக் டிக் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டாள். இரண்டு அலமாரியிலும் சத்தம் ஒரே மாதிரிதான் இருந்தது.