ஏழாம் கம்பத்தை நக்கிய கரடி

திரையில் கரடி பின்னங்கால்களை ஊன்றி எழுந்து நின்றது. முன்னங்கால்கள் இரண்டாலும் காவற்கம்பத்தைக் கட்டிப் பிடித்தது. பிறகு நீண்ட நாக்கை வெளியே விட்டு, குச்சி ஐஸைச் சப்பும் குழந்தையைப் போல, கம்பத்தை மேலிருந்து கீழ்வரை நிதானமாக நக்கியது. முதுகில் தொற்றிக்கொண்டிருந்த குட்டியும் இறங்கி வந்து அடிப்பகுதியை நக்கியது.

சந்தனமாரி காட்சியை மறுபடி ஓடவிட்டாள். பொதிகை மலைச்சரிவில் இருக்கும் கூடார முகாம்களின் காவற்கம்பங்களைப் பழுதுபார்ப்பவள் அவள். கரடியை விரட்டத்தான் கம்பம். அதைக் கரடி ஏன் கொஞ்சுகிறது?

காவற்கம்பம் வேலை செய்யும் விதம் எளிமையானது. அதன் இடுப்பளவு உயரத்தில் ஊசித்துளைகள் வரிசையாக இருக்கும். அவற்றின் பின்னால் மோப்பச் சில்லு. காற்றில் கரடி வாடை கலந்திருந்தால், கரடி நாற்பது அடி தூரத்தில் இருக்கும்போதே சில்லு கண்டுபிடித்துவிடும். உடனே கம்பம் புலியின் உறுமலை எழுப்பும். புலிக்குப் பயப்படாத கரடி இந்த மலையில் கிடையாது. அப்படியும் நெருங்கி வந்தால், கம்பத்தின் உச்சியிலிருந்து மிளகாய்ச் சாறு பனிபோல் பீய்ச்சும். கரடிக்குக் கண் மந்தம், ஆனால் மூக்கு அபாரம். புற்றுக்குள் இருக்கும் கறையானை வெளியிலிருந்தே முகர்ந்து அறியும் மூக்குக்கு மிளகாய் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

முகாமுக்கு வருகிறவர்களும் கவனமானவர்கள்தான். சாப்பாட்டை மணமடக்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். கூடாரத்துக்குத் தள்ளியே சமைத்தார்கள். பற்பசைக்கும் வாசனை உண்டு என்பதால் அதையும் பெட்டிக்குள் போட்டார்கள். மலையில் மொத்தம் பன்னிரண்டு கம்பங்கள். பதினொன்றின் பக்கம் கரடி எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஏழாம் கம்பத்தைத் தேடி மட்டும் வாராவாரம் சனிக்கிழமை இரவு வந்தது.

சந்தனமாரி மூன்று முறை வந்து ஏழாம் கம்பத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டாள். சில்லு சரி, ஒலிபெருக்கி சரி, சாற்றுக்குப்பி நிறைந்தே இருந்தது. மற்ற கம்பங்களில் தூசியும் பாசியும் படிந்திருக்க, இது ஒன்றுதான் பளபளவென்று இருந்தது.

"இத விடச் சுத்தமான கம்பம் இந்த மலையிலயே கிடையாது அண்ணாச்சி. பெறகு எதுக்கு வருது?" என்றாள்.

முகாமின் பொறுப்பாளர் பூலுடையார் தோளைக் குலுக்கினார். "பேச்சிக்கு இந்த எடம் பிடிச்சுப் போச்சு, தாயி." அந்தத் தாய்க்கரடிக்கு அவர்தான் பேச்சி என்று பெயர் வைத்திருந்தார்.

"பிடிச்சுப் போச்சுன்னு சொன்னா மேலிடம் கேக்குமா? போன வாரம் கூடாரத்தக் கிழிச்சிருக்கு. ஒருத்தருக்குத் தோள்ல நகம் பட்டிருக்கு. இன்னொரு ஆளுக்குக் காயம்னா பேச்சியப் பிடிச்சுக் கூண்டுல அடைச்சிருவாங்க. குட்டி வேற கூண்டு, இது வேற கூண்டு."

பூலுடையாரின் முகம் மாறியது. "குட்டி இன்னும் பால் குடிக்குதேம்மா."

"அதான் சொல்லுதேன். கம்பத்துல என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்காம நான் கீழ இறங்கப் போறதில்ல."

கம்பத்தின் உச்சியில் படக்கருவி இருந்தும் பயனில்லை. விடுமுறைக்கு வந்தவர்களின் படங்கள் ஊரெல்லாம் பரவி வழக்குகள் குவிந்த பிறகு, தனிமைச் சட்டம் என்று ஒன்று வந்திருந்தது. அதன்படி எல்லாப் படக்கருவிகளிலும் உருநீக்கி பொருத்தப்பட்டது. மனித உருவத்தையும், மனிதர்கள் கொண்டுவந்த எல்லாவற்றையும் அது அழித்துவிட்டு, அந்த இடத்தை வெறும் புல்லால் நிரப்பிவிடும். ஆகவே அவள் திரையில் பார்த்தது ஆளில்லாத காட்டில் ஒரு கரடி இரும்பை நக்கும் காட்சி மட்டுமே.

எனவே அவள் சனிக்கிழமை தங்கினாள். இதுவரை அவள் வந்ததெல்லாம் வார நாட்களில், வெயில் ஏறிய பிறகு.

மாலை வெயில் சாய்ந்ததும் கூடாரங்களிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து கம்பத்தைச் சுற்றி நின்றார்கள். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி கிண்ணத்தில் மஞ்சள் பொடியை நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து, அந்த மஞ்சணையைக் கம்பத்தின் இடுப்பில் வழித்து வழித்துப் பூசினாள். ஊசித்துளைகள் வரிசையாக அடைபட்டன. இன்னொருவர் கம்பத்தின் உச்சியிலிருந்து நெய் ஊற்றினார். அடியில் வெல்லமும் பச்சரிசி மாவும் பிசைந்த மாவிளக்குகள், பழச்சீப்பு, வடைமாலை.

சந்தனமாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் ஓடினாள்.

"என்னக்கா செய்தீங்க?"

"புதுசா வந்திருக்கியா? கம்பமாடனுக்குப் படைக்கோம்." அந்தப் பெண் அம்பாசமுத்திரத்துச் செல்லக்கனி. "போன ஆடியில எங்க கூடாரத்துக்குப் பக்கத்துல கரடி வந்திட்டு. மாடன் ஒரு உறுமு உறுமுனான் பாரு, அது பாய்ஞ்சு ஓடிட்டு. உசிரக் காப்பாத்துனவனுக்கு ஒரு வடை கூடப் போடாட்டி எப்படி? அடுத்த வாரம் வந்து படைச்சேன். அன்னைக்குத்தான் அந்த அதிசயம்."

"என்ன அதிசயம்?"

"கரடியே வந்துல்லா மாடனக் கட்டிப் பிடிச்சுக் கும்புட்டுட்டுப் போச்சு! குட்டியோட! விரட்டுன சாமியையே தேடி வந்து கும்புடுதுன்னா எம்புட்டு சக்தி இருக்கணும்?"

சந்தனமாரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. துளைகள் அடைபட்டதால் கம்பத்துக்கு மூக்கில்லை. எண்ணெயும் நெய்யும் வெல்லமும் மணப்பதால் கரடி வருகிறது. வந்து நக்கித் தின்றுவிட்டுப் போகும்போது துளைகளையும் சுத்தமாக நக்கித் திறந்துவிடுகிறது. நாக்கின் ஈரம் காய்ந்து சில்லு மறுபடி முகரத் தொடங்குவதற்குள் கரடி போய்விடுகிறது. மிச்சம் மீதியை விடியலில் கூட்டும் எந்திரம் அள்ளிக்கொண்டு போகிறது. அவள் வந்து சோதிக்கும்போது கம்பம் ஒளிவீசுகிறது. கரடி வர வர பக்தி கூடுகிறது. பக்தி கூடக் கூட எண்ணெய் கூடுகிறது.

"இத ஏன் எங்கிட்ட முன்னாலயே சொல்லல?" என்று பூலுடையாரிடம் பாய்ந்தாள்.

"கம்பத்துல என்ன கோளாறுன்னுதான கேட்ட? சாமி கும்புடுததக் கோளாறுன்னு யாராவது சொல்லுவாங்களா?"

அவள் கூட்டத்தின் நடுவே நின்று பொறுமையாக விளக்கினாள். மோப்பச் சில்லு என்றால் என்ன, துளை ஏன் அடைபடக் கூடாது, நெய் வாசனை எவ்வளவு தூரம் போகும் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுவிட்டு வடையைப் பங்கு வைத்தார்கள். மறுநாள் அவள் கம்பத்தின் ஒலிபெருக்கியில் ஒரு அறிவிப்பைப் பதிவுசெய்தாள். 'அன்பான பயணிகளே, நான் ஓர் எந்திரம். என்மேல் எண்ணெய் பூசாதீர்கள்.'

அடுத்த சனிக்கிழமை கூட்டம் இரண்டு மடங்கு, எண்ணெயும் இரண்டு மடங்கு. மாடன் வாய் திறந்துவிட்டான் என்று தென்காசி வரை செய்தி போயிருந்தது. அன்று பேச்சி வந்து நக்கிக்கொண்டிருக்கும்போது, ஒருவர் அதன் காலைத் தொட்டுக் கும்பிடுவதற்காகக் கூடாரத்தைத் திறந்துகொண்டு புறப்பட்டுவிட்டார். பூலுடையார் அவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்.

"வேய், அது நகத்தால ஆசீர்வாதம் பண்ணும்வே!"

காயம் எதுவும் இல்லை. ஆனால் அடுத்த முறை பூலுடையாரின் கை எட்டாமல் போகலாம் என்பது சந்தனமாரிக்குத் தெரிந்தது.

காலையில் அவள் கம்பத்தின் கதவைத் திறந்து உட்கார்ந்திருந்தபோது செல்லக்கனி பக்கத்தில் வந்து நின்றாள். சாவி வைத்துத் திறந்து உள்ளே கையை விடும் சந்தனமாரியை ஏற்கெனவே பலர் பூசாரி என்று நினைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"ஏ பிள்ளா, எண்ணெய் ஆகாதுன்னு அவனே வாயால சொல்லிட்டான். ஒத்துக்கிடுதோம். ஆனா வெறுங்கையோட எப்படிப் போய் நிக்க? அவனுக்கு என்னதான் பிடிக்கும்?"

"அக்கா, இது எந்திரம். இதுக்குப் பிடிக்கும் பிடிக்காதுன்னு ஒண்ணும் கிடையாது."

"சரி, உள்ள என்ன ஊத்துத?"

சந்தனமாரியின் கையில் சிவப்புக் குப்பி இருந்தது. கேட்டால் விளக்காமல் இருக்க அவளால் முடியாது. "இதா? மிளகாய்ச் சாறு. மாசம் ஒரு குப்பி மாத்தணும். இது இல்லாட்டி இதால ஒண்ணும் செய்ய முடியாது."

செல்லக்கனி இரண்டு கைகளாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "காரம் பிடிச்ச சாமியா! இது தெரியாம ஒரு வருசமா வெல்லத்தக் குடுத்துக் கெடுத்திட்டோமே! அதான் உறுமுததக்கூட நிறுத்திட்டான்."

சந்தனமாரி மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தாள். பேச்சியின் முதுகில் தொற்றியிருந்த குட்டி நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை எண்ணெயும் இல்லை, மாவிளக்கும் இல்லை. செல்லக்கனி இரும்புச் சட்டியில் தணல் போட்டு, ஆளுக்கு ஒரு கைப்பிடி மிளகாய் வத்தலைத் தூவச் சொன்னாள். கமறல் நெடி முகாம் முழுவதும் பரவியது. எல்லாரும் இருமினார்கள், தும்மினார்கள், கண்ணீர் வழியக் கும்பிட்டார்கள். இப்படி அழவைக்கும் சாமியைப் பார்த்ததே இல்லை என்று ஒருவர் நெகிழ்ந்து போனார்.

மறுநாள் சந்தனமாரி பதிவைப் பார்த்தாள். ஆட்களும் சட்டியும் அழிக்கப்பட்ட வெறும் புல்வெளியின் ஓரத்தில் பேச்சி வந்து நின்றது. மூக்கைத் தூக்கியது. ஒரு தும்மல். முதுகிலிருந்த குட்டியும் தும்மியது. இரண்டும் திரும்பி, மேட்டுப் பக்கம் இருந்த கறையான் புற்றுகளை நோக்கிப் போயின.

அதற்குப் பிறகு ஏழாம் கம்பத்தின் பக்கம் கரடி வரவில்லை. மூன்றாவது வாரம் மிளகாய்ப் புகையில் மோப்பச் சில்லு செத்துப்போனது. புதிதாகப் போட்டதும் செத்தது. பிறகு ஒலிபெருக்கி. சந்தனமாரி எல்லாவற்றையும் கழற்றி எடுத்து, எட்டாம் கம்பத்துக்கு உதிரியாக வைத்துக்கொண்டாள்.

பருவம் முடிந்ததும் மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. வாராவாரம் கரடி வந்த இடத்தில் இப்போது ஒரு உறுமல்கூடத் தேவைப்படவில்லை, மலையிலேயே சிறந்த பாதுகாப்பு ஏழாம் கம்பத்தில்தான் பதிவாகியிருக்கிறது, அதன் அமைப்பு விவரங்களை அனுப்பினால் எல்லா மலைகளிலும் அப்படியே பொருத்திவிடலாம் என்றார்கள்.

சந்தனமாரி இப்படிப் பதில் அனுப்பினாள்:

'ஏழாம் கம்பத்துக்குள் இப்போது எதுவும் இல்லை. வெறும் இரும்புக் குழாய். இருட்டுமுன் இரும்புச் சட்டியில் தணல் போட்டு வத்தல் தூவவும். எண்ணெய், நெய், வெல்லம் கூடாது. இதை விதி என்று அறிவிக்க வேண்டாம். கம்பத்துக்குக் காரம் பிடிக்கும் என்று யாராவது ஒருவரிடம் சொல்லிவைத்தால் போதும்.'