முதல் கவளம்

பகல் பன்னிரண்டே காலுக்கெல்லாம் ஆவுடையப்பன் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசல் கதவருகே வந்துவிடுவார். கதவின் உட்புறத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை இருந்தது. பாளையங்கோட்டை எட்டாம் வட்டத்தின் தெருக்கள் அதில் கோடுகளாகத் தெரியும். கோடுகளின் மேல் ஒரு பச்சைப் புள்ளி நகரும். அந்தப் புள்ளிதான் எஸ்தர்.

முப்பது வருடம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர் அவர். எந்த வண்டி எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, ஏன் நின்றது என்று எழுதியே கை பழகியவர். பின்னால் நகர்ந்த ஒரு பேருந்து இடுப்பை நசுக்கிய பிறகு கால்கள் போயின, பழக்கம் போகவில்லை. புள்ளி முதல் வீட்டில் ஏழு நிமிடம் நிற்கும். இரண்டாவதில் ஒன்பது, அடுத்த இரண்டிலும் எட்டு எட்டு. ஐந்தாவது அவர் வீடு, பத்து நிமிடம். ஆறாவதும் கடைசியுமான வீடு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பாக்கியநாதனுடையது. அங்கே மட்டும் இருபத்தைந்து.

காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை ஊரில் வெயிலடைப்பு. அந்த நேரத்தில் தெருவில் கால் வைக்க வேண்டுமானால் குளிரங்கி வேண்டும், அனுமதியும் வேண்டும். உணவுத் தொண்டர்களுக்குத் தொண்ணூறு நிமிட அனுமதி. அங்கியின் மின்கலமும் அவ்வளவு நேரம்தான் தாங்கும். சமையற்கூடத்தில் கிளம்பித் திரும்பிவரும்வரை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். ஒரு வாசலில் கூடுதலாக நிற்கும் நிமிடம் இன்னொரு வாசலில் குறைந்தாக வேண்டும்.

கதவு திறந்து எஸ்தர் உள்ளே வந்தாள். நாற்பத்தெட்டு வயது. காலையில் நீர்ச் சோதனைக் கூடத்தில் வேலை, மதியம் இந்தத் தொண்டு. தலைமூடியைக் கழற்றியதும் நெற்றி முடியிலிருந்து வேர்வை சொட்டியது.

“என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் கதவுப் பக்கத்துலயே இருக்கீய? வெக்கை அடிக்கும்லா.”

“வாரது தெரிஞ்சிது. அதான்.”

அவள் டப்பாவைத் திறந்து மடித்தட்டில் வைத்தாள். சாம்பார் சாதம், வாழைக்காய்ப் பொரியல். முக்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தாள். “வாயில வைங்க. நான் பாக்கணும்.”

அவர் ஒரு கவளம் எடுத்து விழுங்கினார். அவள் மணிக்கட்டுப் பட்டையை அழுத்திப் பதிவு செய்தாள். பிறகு புண் இருக்கிறதா என்று முதுகைப் பார்த்தாள், தண்ணீர்க் குப்பியை நிரப்பினாள், கிளம்பினாள்.

அந்தக் கவளத்தைப் பார்க்கத்தான் மனிதர் வர வேண்டியிருந்தது. சோற்றைக் கொண்டுவர ட்ரோன் போதும். தாமாகக் கதவைத் திறந்து தாமாக உண்ண முடிந்தவர்களுக்கு அப்படித்தான் போகிறது. ஒரு காலத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் போனது. பெருவெக்கை ஆண்டில் வாசலில் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்க, உள்ளே ஆட்கள் இறந்து கிடந்தார்கள். ஒவ்வொரு பெட்டியும் குறித்த நேரத்தில் வந்து சேர்ந்ததற்கு இயந்திரத்திடம் பதிவு இருந்தது. அதன்பிறகு நிழற்பட்டியல் என்று ஒன்று வந்தது. வெளியே வர இயலாத முதியவர்களும் உடல் முடியாதவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களுக்கு உணவை ஒரு மனிதர்தான் கொண்டுபோக வேண்டும். முதல் கவளம் தொண்டைக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்க்காமல் அங்கிருந்து நகரக் கூடாது.

குளிர்காற்றுக் குழாய் இரண்டு வீட்டுக்கும் பொதுவானது. அதன் வழியே அந்தப் பக்கத்துப் பேச்சு அப்படியே வரும்.

“மாமா, வாயத் தொறங்க. இன்னைக்கு யாரு ஜெயிக்கான்னு பாப்போம். உங்க கையா, என் கையா?”

பாக்கியநாதனுக்கு நடுக்குவாதம். கரண்டி வாய்க்குப் போவதற்குள் பாதிச் சோறு தரையில் கிடக்கும். எஸ்தர்தான் ஊட்டிவிட வேண்டும். அதற்கு நேரமாகும் என்பது ஆவுடையப்பனுக்கும் தெரியும். ஆனால் கூடவே குழாயில் வரும் அந்தச் சிரிப்பு எதற்கு? அவள் தன் வீட்டில் ஒரு தடவைகூட அப்படிச் சிரித்ததில்லை. அதைவிட அந்த ‘மாமா’தான் அவரை அரித்தது. ஒருநாள் கேட்டே விட்டார்.

“பாக்கியநாதன் உங்களுக்குச் சொந்தமோ?”

“இல்லியே. சபைகூட வேற.”

“பொறவு மாமாங்கீய?”

“எங்க தாய்மாமா சாடை அவங்களுக்கு. வாயில வந்துட்டு, அப்படியே கூப்புடுதேன்.”

தனக்கு யாருடைய சாடையும் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அண்ணாச்சி என்று பலசரக்குக் கடைக்காரரையும்தான் கூப்பிடுவார்கள்.

பங்குனி மாதம் ஒருநாள் ரசம் கொதிக்கக் கொதிக்க வந்தது. ஆறட்டும் என்று கையை எடுத்து மடியில் வைத்தார். எஸ்தரால் எழுந்திருக்க முடியவில்லை. காத்திருந்தாள். காத்திருந்த நேரத்தில் தன் மகளுக்கு வரன் பார்ப்பதைப் பற்றிச் சொன்னாள். மகள் வேண்டாமென்று முறுக்கிக்கொண்டு இருப்பதைச் சொல்லி லேசாகச் சிரித்தாள். நான்கு நிமிடம் கூடுதலாகப் போனது. பிறகு குழாய் வழியே கேட்டார். அந்த வீட்டில் அவள் பேச்சில் அவசரம் இருந்தது. பந்தயம் கட்டவில்லை. சிரிப்பும் இல்லை. அன்று ஆவுடையப்பனுக்குச் சோறு ருசியாக இருந்தது.

மறுநாள் ரசம் சூடாக இல்லை. சூடாக இருக்கிறது என்றார். அதற்கடுத்த நாள் நாக்கில் கொப்புளம் என்றார். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார். கவளத்தை உருட்டுவார், வாய்வரை கொண்டுபோவார், ஏதோ ஞாபகம் வந்ததுபோல் பேச ஆரம்பிப்பார். எஸ்தர் மணிக்கட்டைப் பார்ப்பாள். முகத்தில் எதையும் காட்ட மாட்டாள். பத்து நிமிடம் பதினைந்தாயிற்று, பதினெட்டாயிற்று. கூடிய ஒவ்வொரு நிமிடமும் பக்கத்து வீட்டில் குறைவதைத் திரையில் பார்த்தார்.

முப்பத்தொன்றாவது நாள் அவர் இருபத்துநான்கு நிமிடம் பிடித்துவைத்தார்.

“அண்ணாச்சி, ஒரு வாய் வச்சிருங்க. அங்க ஒருத்தர் பசியோட இருக்காங்க.”

“நானும் பசியோடதான் இருக்கேன்.”

“பொறவு சாப்பிட வேண்டியதுதான?”

“இறங்க மாட்டேங்கு.”

எஸ்தர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். குனிந்து, அவர் கையிலிருந்த கவளத்தைத் தான் வாங்கி அவர் வாயருகே நீட்டினாள். அவர் வாயைத் திறந்தார். உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது அவருக்கு. பாக்கியநாதனுக்குக் கிடைப்பது இதுதானா என்று நினைத்தார். அவள் பட்டையை அழுத்திவிட்டுப் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டில் அவள் அவசரப்படவில்லை. “மெதுவா முழுங்குங்க மாமா” என்று சொன்னது கேட்டது. புள்ளி அங்கிருந்து கிளம்பியபோது அனுமதியில் மூன்று நிமிடம்தான் பாக்கி. சமையற்கூடத்துக்கு எட்டு நிமிட நடை. வாய்க்கால் பாலம்வரை புள்ளி வேகமாகப் போனது. பாலத்தில் நின்றது. அப்புறம் சிவப்பாக மாறியது.

ஆவுடையப்பன் திரையைத் தட்டினார். அவசரப் பொத்தானை அழுத்தினார். வண்டி கிளம்பிவிட்டதாக ஒரு குரல் சொன்னது. அந்தச் சிவப்புப் புள்ளி பதினோரு நிமிடம் அதே இடத்தில் இருந்தது. அந்தப் பதினோரு நிமிடத்தை அவர் வாழ்நாளில் மறக்கவில்லை.

எஸ்தர் பிழைத்துக்கொண்டாள். நான்கு நாள் மருத்துவமனை. நேரத்தைச் சரியாகப் பங்கிடவில்லை என்று அந்தக் கோடை முழுவதற்கும் அவளுடைய அனுமதி ரத்தானது.

அவளுக்குப் பதில் ரத்தினசாமி என்பவர் வந்தார். நல்ல மனிதர், மளமளவென்று வேலை பார்ப்பவர். ஆவுடையப்பன் முதல் நாளே டப்பாவைத் திறந்தவுடன் சாப்பிட்டார். பக்கத்து வீட்டுக்குள் போன ரத்தினசாமி மூன்றே நிமிடத்தில் திரும்பிவிட்டார். மறுநாளும் அப்படியே. ஆவுடையப்பனுக்கு முதலில் அது நிம்மதியாகக்கூட இருந்தது. இப்போது பாக்கியநாதனுக்கும் தன்னைவிட அதிகமாக எதுவும் கிடைக்கவில்லை.

எட்டாம் நாள் குழாயில் பாக்கியநாதனின் குரல் வந்தது. இத்தனை வருடத்தில் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது நாலைந்து தடவை இருக்கும்.

“ஆவுடையப்பன், இருக்கீரா?”

“இருக்கேன். சொல்லும்.”

“எஸ்தர் எப்பமாவது வந்தா ஒரு வார்த்தை சொல்லிரும். நான் குளத்தூர் நிழலகத்துக்கு எழுதிக் குடுத்துட்டேன். இடம் கெடைச்சா போயிருவேன்.”

நிழலகம் என்பது முடியாதவர்களை ஒன்றாகத் தங்கவைத்துப் பார்க்கும் விடுதி. ஆவுடையப்பன் மனம் துள்ளியது. வெட்கக்கேடுதான், ஆனாலும் துள்ளியது. அடுத்த கோடையில் எஸ்தர் திரும்பி வருவாள், சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள்.

“ஏன் வே, இங்க என்ன கொறை?” என்று ஒப்புக்குக் கேட்டார்.

“நான் மென்னு முழுங்குததுக்குள்ள அந்தப் பிள்ள நேரம் பூரா போயிட்டு. என்னாலதான பாலத்துல விழுந்துச்சு? அதான் இப்ப சோறே வேண்டாம்னுட்டேன். குழாய்க் கூழ் குடுக்காங்க. உறிஞ்சினா அரை நிமிசம். யாரும் எனக்காக நிக்க வேண்டாம்.”

“எட்டு நாளா கூழா?”

“பழகிட்டு. கொஞ்சம் கிறக்கமா வருது, அவ்வளவுதான்.”

ஆவுடையப்பன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். அன்று மாலையும் மறுநாள் காலையும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு வட்ட அலுவலகத்துக்குத் தன்னை விசாரிக்க வேண்டுமென்று எழுதிப்போட்டார்.

மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டரைக்குச் சுவர்த்திரையில் விசாரணை அலுவலர் தமயந்தி வந்தார். குனிந்தபடி பதிவேட்டைப் படித்தார்.

“முப்பத்தொரு நாள் உங்க வீட்டுல தாமதம். எல்லா நாளும் விழுங்கச் சிரமம்னு எஸ்தர் எழுதியிருக்காங்க. ரெண்டு பேருக்குச் சிரமம்னா கூடுதல் ஆள் கேட்டிருக்கணும், கேக்கல. அதுதான் அவங்க மேல குத்தம்.”

எஸ்தருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. அவர் பேர் கெடாமல் எழுதியிருக்கிறாள். ஆவுடையப்பன் நாற்காலிச் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு முழுங்க ஒரு சிரமமும் இல்லம்மா. வேணும்னுதான் செஞ்சேன்.”

“காரணம் போடணுமே. மறதி, மனச்சோர்வு, உணவு பிடிக்கல. எது?”

“பொறாமை.”

“அப்படி ஒரு காரணம் இதுல இல்லீங்க.”

“அப்ப கையால எழுதிக்கிடுங்க. பக்கத்து வீட்டுக்காரர் நேரத்தைப் புடுங்கணும்னு செஞ்சேன். எஸ்தர் மேல தப்பு இல்ல.”

தமயந்தி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். “விபத்துல அடிபட்டவர்னுதான் பட்டியல்ல இருக்கீங்க. இதை எழுதினா நீங்க தானா சாப்பிடக்கூடியவர்னு ஆயிடும். அப்புறம் ஆள் வர மாட்டாங்க, ட்ரோன் பெட்டிதான். மறு சோதனை ரெண்டு வருஷம் கழிச்சு.”

ட்ரோன் என்பதை எதிர்பார்த்திருந்தார். இரண்டு வருடத்தை எதிர்பார்க்கவில்லை. மாற்றிச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. அந்த நேரத்தில் குழாயில் ரத்தினசாமியின் குரல் கேட்டது. “முடிஞ்சிது, வாரேன் ஐயா.” கதவு சாத்தும் சத்தம். அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து பதிலாக ஒரு இருமல்கூட வரவில்லை.

“எழுதுங்கம்மா” என்றார்.

திரை அணைந்ததும் குழாயருகே போய்ப் பாக்கியநாதனைக் கூப்பிட்டுச் சொன்னார். எதையும் மறைக்காமல் சொன்னார்.

“எத்தன நாளா?” என்றார் பாக்கியநாதன்.

“முப்பத்தொரு நாளு.”

“அந்தப் பிள்ள செத்திருக்கும் வே.”

நிழலகத்துக்கு எழுதிக் கொடுத்ததைப் பாக்கியநாதன் திரும்ப வாங்கிக்கொண்டார் என்பது பின்னால் தெரிந்தது.

பத்து நாளில் அனுமதி ரத்து நீங்கி எஸ்தர் தொண்டுக்குத் திரும்பினாள். ஆவுடையப்பனின் கதவுத் திரையில் இப்போது தெருவும் இல்லை, புள்ளியும் இல்லை. நிழற்பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான் அது. பன்னிரண்டு பத்துக்கு ட்ரோன் வந்து வாசல் தட்டில் பெட்டியை வைத்துவிட்டுப் போனது. அவர் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கதவருகே உட்கார்ந்திருந்தார். தாழ்வாரத்தில் குளிரங்கியின் கனத்த காலடி வந்தது. அவர் கதவைத் தாண்டும்போது ஒரு கணம் தயங்கியது போலிருந்தது. தயங்கியதா, அவர் ஆசைப்பட்டதா, தெரியவில்லை. காலடி போய்விட்டது.

“என்ன மாமா, இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்டீய?”

“நீ வாரதுக்குத்தான் காத்திருந்தேன்.”

“மெதுவாத் தின்னுங்க. இப்ப நேரம் கெடக்கு.”

நேரம் கிடந்தது. அவர் வீட்டுக்கான பத்து நிமிடமும் இப்போது அங்கே சேர்ந்திருந்தது. முப்பத்தைந்து நிமிடம். ஆவுடையப்பன் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார், நெஞ்சு பழையபடி எரிந்தது. முதல் நாள் பாக்கியநாதனுக்குப் புரையேறியது, எஸ்தர் சிரிக்கவே இல்லை. அதில் தனக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சி எட்டிப் பார்த்ததை அவர் கவனித்தார். நான்காம் நாள் அவர்கள் மறுபடியும் பந்தயம் கட்டினார்கள். பாக்கியநாதன் தோற்றார் போலிருக்கிறது. எஸ்தர் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆவுடையப்பன் பெட்டியைத் திறந்து ஒரு கவளம் உருட்டினார். இனி அதை அவர் எவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தாலும் யாரும் எதிரில் உட்கார்ந்து காத்திருக்கப் போவதில்லை. பசித்தது. ஆனால் வாயில் வைத்து மென்றால் அந்தப் பக்கத்துச் சத்தம் காதில் சரியாக விழாது. எஸ்தர் கிளம்பி, காலடி தாழ்வாரத்தைக் கடந்து போகும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு சாப்பிட்டார்.