குலசேகரனின் லேசர் விளக்கு

பனிக்குழியில் சூரியன் உதித்ததே இல்லை. நிலவின் தென்முனையில், வெளிச்சம் எட்டாத பள்ளம் ஒன்றின் அடியில் அமைந்த குடியிருப்பு அது. அங்கே வண்டி ஓட்டத் தெரிந்த மனிதர் ஒருவர்கூட இல்லை. வண்டிகள் தாமாகவே ஓடின. ரேடியோ அலைகளை வீசி வழியறியும் ‘அலைக்கண்’ ஒவ்வொரு வண்டியின் நெற்றியிலும் இருந்தது. எத்தனை கும்மிருட்டானாலும் சாலையில் கிடக்கும் கடலையளவு கல்லைக்கூட அது கண்டுகொள்ளும். வண்டிக்கு வெளிச்சமே தேவையில்லை. இருந்தும் பனிக்குழி மக்கள் வேலைக்குக் கிளம்புமுன் காற்றுடை அணிந்து வெளியே வந்து, முகப்பு விளக்குகளைத் துடைத்து, இரண்டடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டிக்குள் ஏறினார்கள்.

முகப்பு விளக்கு கட்டாயம் என்பது சட்டம். பூமியில் எழுதிய வாகன விதிகளை யாரும் படித்துப் பார்க்காமல் நிலவுக்கும் பொருந்தும் என்று ஒரே வரியில் அறிவித்திருந்தார்கள். அதனால் காற்றே இல்லாத அந்த வெளியில் எல்லா வண்டிக்கும் ஹாரன் இருந்தது. மழையே பெய்யாத கண்ணாடிக்கு வைப்பர் இருந்தது. ஹாரன் யாருக்கும் கேட்காது, வைப்பரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மிஞ்சியது விளக்கு. ஆகவே ஆளின் மதிப்பு அங்கே போய் உட்கார்ந்துகொண்டது.

குலசேகரன் ஐஸ் சுரங்கத்தில் மேற்பார்வையாளர். அவர் வண்டியில் இருந்தது பழைய ஹாலஜன் விளக்கு. சுரங்கத்து வாசலில் மற்றவர்களின் வண்டிகள் நீலமும் வெள்ளையுமாக ஜொலிக்க, அவருடையது மட்டும் மஞ்சளாக முழிக்கும். வண்டிக்கு மஞ்சள்காமாலையா, டாக்டர் அம்மாவிடம் காட்டக் கூடாதா என்று ஒருவர் கேட்டுவிட்டார். டாக்டர் அம்மா என்றது குலசேகரனின் மனைவி வேதவல்லியை. குடியிருப்பு மருத்துவமனையில் அவர்தான் தலைமை மருத்துவர். குலசேகரன் அன்று மதியம் சாப்பிடவில்லை.

மறுநாளே மனைவியை அழைத்துக்கொண்டு விளக்குக் கடைக்குப் போனார். கடைக்காரர் ஜாபர் விஷயம் தெரிந்தவர், கொஞ்சம் நேர்மையானவரும்கூட. ஹாலஜனைக் கழற்ற வேண்டாம் என்றே முதலில் சொன்னார். அது மின்சாரத்தைக் குடிக்கும், சீக்கிரம் பியூஸ் போகும், உண்மைதான். ஆனால் பல்பு மலிவு, வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். அதோடு அது சூடாகும். சுரங்கத்து நீராவி விளக்குக் கண்ணாடியில் உறைந்து படிந்தாலும் அந்தச் சூட்டில் தானே உருகிப் போய்விடும். ஸெனான் பார்வைக்கு எடுப்பு, ஆனால் போட்டதும் முழு வெளிச்சம் வராது. அதன் மின்பெட்டி கெட்டால் பழுதுபார்க்க வழியில்லை. எல்இடி சொற்ப மின்சாரத்தில் ஆண்டுக்கணக்கில் எரியும், ஒரு புள்ளி அணைந்தால் மொத்த விளக்கையும் மாற்ற வேண்டும். முன்பக்கம் சூடே இருக்காது என்பதால் உறைபனி உருகாது. அதற்கென்று தனியாக ஹீட்டர் வைக்க வேண்டும், அந்த ஹீட்டர் ஹாலஜனைவிட அதிகம் குடிக்கும்.

“அது என்னது?” என்று குலசேகரன் மேல்தட்டைக் காட்டினார்.

லேசர் விளக்கு. நேர்ச்சாலையில் ஆறு மைல் பாயும் என்றார் ஜாபர். பனிக்குழியில் நேர்ச்சாலை கிடையாது. எல்லாச் சாலைகளும் பள்ளத்தின் சுவரைச் சுற்றி வளைந்தே போயின. ஜாபர் அதையும் சொன்னார். குலசேகரன் காதில் ஆறு மைல் மட்டும் விழுந்தது.

வேதவல்லி லேசரை ஏற இறங்கப் பார்த்தார். “இதை வச்சு நாம எதைப் பாக்கப் போறோம்?” என்றார்.

“நாம பாக்கறதுக்கா வாங்கறோம்?” என்றார் குலசேகரன்.

லேசர் விளக்கு, அதற்கு ஹீட்டர், ஹீட்டருக்குக் குளிர்தாங்கும் கம்பிகள் எல்லாம் பொருத்தப்பட்டன. அடுத்த வாரம் வேதவல்லியின் தங்கை வீட்டில் புதுமனை புகுவிழா. தங்கை பள்ளத்தின் மறுகரையில், கரைமேட்டில் இருந்தாள். இருவரும் புது விளக்கோடு கிளம்பினார்கள்.

வழி நெடுக குலசேகரன் சந்தோஷமாக இருந்தார். எதிரே ஒரு வண்டி வந்து ஒளியை வீசினால் போதும், “எதிர் வண்டி ஒளி எறிகிறது. பதில் எறியவா?” என்று அவர் வண்டி கேட்கும். எறி என்பார். பனிக்குழி முழுவதும் இப்படித்தான். இந்தக் கூச்சம் தாங்காமல் எல்லோரும் தங்கள் ஜன்னல்களுக்குக் கருந்திரை போட்டிருந்தார்கள். அதன் வழியே பார்த்தால் எப்பேர்ப்பட்ட விளக்கும் மின்மினி அளவுதான் தெரியும். விளக்குக்கு ஒரு செலவு, அடுத்தவன் விளக்கைப் பார்க்காமலிருக்க ஒரு செலவு.

பாதி தூரத்தில் வண்டி நின்றுவிட்டது. ஹீட்டரும் பதில் ஒளியும் சேர்ந்து பாட்டரியைக் காலி செய்திருந்தன. மின்சாரம் குறைந்தால் பாதுகாப்புக் கருவிகளுக்கே முதலிடம் என்பது விதி. விளக்கு, ஹாரன், வைப்பர் மூன்றும் பாதுகாப்புக் கருவிகள். வானொலித் தொடர்பும் காற்று சுத்திகரிப்பானும் பயணிகள் சொகுசு என்ற தலைப்பில் வந்தன. வண்டி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சொகுசுகளை நிறுத்தியது.

காற்றுடைகளில் இருக்கும் காற்று கொஞ்ச நேரம்தான் தாங்கும், அவற்றின் வானொலி கூப்பிடு தூரத்துக்குத்தான் எட்டும். நடந்து போய்ச் சேரும் தூரத்தில் எதுவும் இல்லை. விளக்கை ஒரேயடியாக அணைக்க வண்டி விடாது, ஆனால் சிமிட்டிக் காட்டி எதிரே வருபவர்களிடம் உதவி கேட்கலாம் என்று குலசேகரனுக்குத் தோன்றியது. நல்ல யோசனைதான். தூரத்தில் ஒரு வண்டி வந்தது. அவர் விளக்கைச் சிமிட்டினார். வந்த வண்டி தன் விளக்கை இரண்டு மடங்காக்கிப் பதில் சிமிட்டிவிட்டு, அவர்களைத் தாண்டிப் போனது. அடுத்த வண்டி இன்னும் பலமாக எறிந்தது. மூன்றாவதாக ஒரு குடும்பம் போனது. இருவரும் வண்டியை விட்டு இறங்கிக் கையை ஆட்டினார்கள். கருந்திரைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அவர்கள் வண்டி பதில் எறிந்துவிட்டு வளைவில் மறைந்தது.

“நம்ம விளக்கைப் பாத்துப் பொறாமைப்படறாங்க, வேதா” என்றார் குலசேகரன். அவர் குரலில் அழுகை இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வேதவல்லி வண்டியின் பின்பெட்டியைத் திறந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார். என்ன செய்யப் போகிறார் என்பது குலசேகரனுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

“வேண்டாம். ஒண்ணை மட்டும் உடை. இடது பக்கத்தது.”

வேதவல்லி இரண்டையும் உடைத்தார். சத்தமே இல்லாமல் கண்ணாடி தெறித்தது. பிறகு எல்லாம் இருட்டு. குலசேகரன் தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவி அவர் தோளைத் தொட்டு, மூச்சை மெதுவாக விடச் சொன்னார். எத்தனையோ நோயாளிகளுக்குச் சொன்ன அதே குரலில்.

ஆட்கள் சாக நேர்ந்தால் அறிவதற்கு அந்தச் சாலையில் கருவி எதுவும் இல்லை. விளக்கில்லாத வண்டியை அறிவதற்கு வழிநெடுகக் கருவிகள் இருந்தன. சற்று நேரத்தில் ‘விதிகாவலி’ என்ற போக்குவரத்து ரோபோ ஆறு சக்கரத்தில் பறந்து வந்தது.

“முகப்பு விளக்கின்றிப் பொதுச்சாலையில் நிற்பது குற்றம். வண்டி பறிமுதல் செய்யப்படுகிறது. உரியவர்கள் காவல் நிலையத்துக்கு இழுத்துச் செல்லப்படுவார்கள்” என்றது.

“சீக்கிரம் இழுத்துட்டுப் போங்க” என்றார் வேதவல்லி.

காவல் நிலையத்தில் காற்று இருந்தது. காபியும் கிடைத்தது.

செய்தி பரவியதும் பனிக்குழி உறைந்துபோனது. ஒரு மருத்துவரும் அவர் கணவரும் நடுச்சாலையில் செத்திருப்பார்கள். உதவி கேட்டதை மூன்று வண்டிகள் சவாலாக எடுத்துக்கொண்டிருக்கின்றன. ஊர் மன்றம் கூடியது. விளக்குகளையே எடுத்துவிடலாம் என்று வேதவல்லி சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள், யாரும் கை தூக்கவில்லை. மன்றத் தலைவர் அந்தோணிராஜ் நடுவழி ஒன்று கண்டுபிடித்தார். இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் விளக்கைத் தணித்துவிட்டுத்தான் ஒன்றையொன்று கடக்க வேண்டும். எதிரே இருப்பவர் தணித்ததும் நாமும் கட்டாயம் தணிக்க வேண்டும். இதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஒருமனதாக நிறைவேறியது. குலசேகரன் எழுந்து நின்று, இனி ஒருவருக்கும் தன் கதி வரக்கூடாது என்று தழுதழுத்தார். அந்த வாரமே அவர் வண்டிக்குப் புது லேசர் வந்தது, முந்தியதைவிட ஒரு சுற்றுப் பெரியதாக. உடைந்ததற்குப் பதில்தானே என்றார்.

சட்டம் அமலுக்கு வந்த காலையில் கணவனும் மனைவியும் மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். குறுகலான திருப்பத்தில் எதிரே ஒரு வண்டி வந்தது. இரண்டும் சட்டப்படி நின்றன. “எதிர் வண்டி தணித்ததும் தணிக்கிறேன். நாமே முதலில் தணிப்பதானால் பொத்தானை அழுத்தவும்” என்றது குலசேகரனின் வண்டி. எதிரே இருந்தது அந்தோணிராஜின் வண்டி. அதுவும் அதையேதான் சொல்லியிருக்கும். இரண்டு வண்டிக்குப் பின்னாலும் வரிசை நீண்டது. விதிகாவலி வந்தது, சுற்றிப் பார்த்தது, இரு தரப்பும் சட்டத்தை மீறவில்லை என்று அறிவித்துவிட்டுப் போய்விட்டது.

“நீங்கதான் அமுக்குங்களேன்” என்றார் வேதவல்லி.

“சட்டம் கொண்டுவந்தவரே அவர்தான். அவர் அமுக்கட்டும்.”

மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருந்தார்கள். வேதவல்லி காற்றுடையை மாட்டிக்கொண்டு இறங்கினார். மருத்துவமனை எதிர்ப்பக்கம்தான், நடந்தே போய்விடலாம். அவர் அந்தோணிராஜின் வண்டியருகே போய்ச் சேர்ந்தபோது குலசேகரன் வானொலியில் கூப்பிட்டார்.

“வேதா, போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் திரும்பிப் பாரு. அங்கேருந்து பாத்தா நம்ம விளக்கு எப்படி இருக்கு?”

வேதவல்லி திரும்பிப் பார்த்தார். சட்டென்று கையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

“ஒண்ணுமே தெரியலீங்க. கண்ணைத் திறக்க முடியல.”

குலசேகரன் நிம்மதியாக இருக்கையில் சாய்ந்துகொண்டார்.